பந்தும் தடமும்: டென்பின் பௌலிங் ஆட்டத்தை மாற்றியமைத்த கண்ணுக்குத் தெரியாத கரங்கள்

விளையாட்டு ஒன்றில் நிகழ்த்தப்படும் சாதனை, அதை நிகழ்த்திய மனிதருக்கு உரியதா அல்லது அவர் கையில் இருந்த கருவிக்கு உரியதா என்ற கேள்வி இன்று ஏறத்தாழ எல்லா விளையாட்டுகளையும் வாட்டி வருகின்றது. நீச்சலில் உடலோடு ஒட்டிய பொலியூரிதேன் உடைகள் 2009 ஆம் ஆண்டு ரோம் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் 43 உலக சாதனைகளுக்கு வழிவகுத்தன. அதன் பின்னர் 2010 ஜனவரி முதல் அவை தடை செய்யப்பட்டமை பலருக்கும் நினைவிருக்கும். ஆனால் இக்கேள்வியை மிக நீண்ட காலமாகவும் மிகக் கடுமையாகவும் எதிர்கொண்டு வரும் விளையாட்டு, நம்மிடையே அதிகம் பேசப்படாத டென்பின் பௌலிங் ஆகும்.

மலேசியா, சிங்கப்பூர் மற்றும் வளைகுடா நாடுகளில் உள்ள பெரிய வணிக வளாகங்களில் இவ்வாட்டத்துக்கான கூடங்களைக் காணலாம். 1978 ஆம் ஆண்டு பாங்கொக்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இது முதன்முறையாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டது. பிலிப்பைன்ஸ் வீரர் பயெங் நெபோமுசெனோ 1976, 1980, 1992, 1996 ஆகிய ஆண்டுகளில் உலகக் கிண்ணத்தை வென்று ஆசியாவுக்குப் பெருமை சேர்த்தார். எனினும் இன்றைய வடிவில் இவ்வாட்டம் வளர்ந்ததும், அதன் கருவிகள் பற்றிய சர்ச்சைகள் வெடித்ததும் ஐக்கிய அமெரிக்காவிலேயே ஆகும்.

ஆட்டத்தின் அடிப்படை

ஆட்டம் பார்வைக்கு மிக எளிமையானது. எறிகோட்டிலிருந்து 60 அடி தொலைவில் பத்து பின்கள் முக்கோண வடிவில் நிறுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு பின்னும் 15 அங்குல உயரமும், ஏறத்தாழ மூன்றரை இறாத்தல் நிறையும் கொண்டது. அடுத்தடுத்த இரு பின்களின் மையங்களுக்கு இடையே 12 அங்குல இடைவெளி. தடத்தின் அகலம் சுமார் மூன்றரை அடி. அது 39 ஒடுங்கிய பலகைகள் அருகருகே வைத்து அமைக்கப்பட்டது போன்றது. இரு புறமும் கான் உண்டு. பந்தின் நிறை 16 இறாத்தலுக்கு மேற்படக்கூடாது. முதல் எறிதலிலேயே பத்து பின்களும் வீழ்ந்தால் அது 'ஸ்ட்ரைக்' எனப்படும். தொடர்ச்சியாகப் பன்னிரண்டு ஸ்ட்ரைக் எடுப்பவர் 300 புள்ளிகளைப் பெறுகின்றார். அதற்கு மேல் ஓர் ஆட்டத்தில் எவராலும் பெற முடியாது.

இந்த அளவுகள் பெரும்பாலும் நூறாண்டுக்கு மேலாக மாறவில்லை. 1895 செப்டெம்பரில் நியூயோர்க் நகரில் கூடிய கழகங்கள் அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ் என்ற அமைப்பை நிறுவி, அதுவரை ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கின. 300 என்ற உச்சப் புள்ளியும் அன்று உறுதி செய்யப்பட்டதே. தூரம் மாறவில்லை, பின்களின் எண்ணிக்கையும் மாறவில்லை. அவ்வாறாயின் மாறியது என்ன? பந்தின் மேற்பரப்பும் அதன் உள்ளமைப்பும் மாறின. பந்து உருளும் தடத்தின் பூச்சு மாறியது. எல்லாவற்றிலும் முக்கியமாக, அத்தடத்தின் மீது பூசப்படும் எண்ணெய் மாறியது.

பந்து தடத்தில் செல்லும் விதத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். கையை விட்டு நீங்கும் பந்து முதலில் எண்ணெய் பூசப்பட்ட பகுதியில் வழுக்கிச் செல்கின்றது. பின்னர் எண்ணெய் முடிவடையும் உலர்ந்த பகுதியை அடைந்ததும் உராய்வு அதிகரிக்க, வீரர் விரல்களால் கொடுத்த சுழற்சி வேலை செய்யத் தொடங்கிப் பந்து வளைகின்றது. இறுதியில் வழுக்கல் நின்று முழுமையாக உருண்டு பின்களை மோதுகின்றது. வலக்கை வீரர் ஒருவர் முன்னிற்கும் பின்னுக்கும் அதன் வலப்புறப் பின்னுக்கும் இடைப்பட்ட இடைவெளியைக் குறிவைப்பார். அவ்விடத்துக்குள் பந்து நேராக நுழைவதைவிடச் சாய்ந்து நுழையும்போதே பத்து பின்களும் வீழும் வாய்ப்பு அதிகம். சுமார் 6 பாகை சாய்வே மிகச் சிறந்தது என ஆய்வுகள் காட்டியுள்ளன. நேராக உருட்டப்படும் பந்துக்கு இத்தகைய சாய்வு ஒருபோதும் கிட்டாது. ஆகவே பந்தை எவ்வாறு வளையச் செய்வது என்பதே நூறாண்டுகால ஆட்ட நுட்பத்தின் சாரம் எனலாம்.

மரத்திலிருந்து இறப்பருக்கு

ஆரம்பத்தில் பந்துகள் லிக்னம் வைட்டே எனப்படும் மிகக் கடினமான மரத்தில் கடையப்பட்டன. மரம் வெடிக்கும், ஈரத்தில் உப்பும், காலப்போக்கில் உருண்டை வடிவத்தை இழக்கும். 20 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் இறப்பர் பந்துகள் அறிமுகமாயின. 1914 இல் பிரன்ஸ்விக் நிறுவனம் 'மினரலைட்' என்ற பெயரில் வெளியிட்ட கடின இறப்பர் பந்து மரப் பந்துகளைச் சந்தையிலிருந்தே வெளியேற்றியது. அதற்குப் பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் இறப்பரே ஆட்சி செய்தது.

தடங்களும் மரத்தால் ஆனவையே. பந்து வந்து விழும் முற்பகுதியிலும் பின்கள் நிற்கும் பிற்பகுதியிலும் கடினமான மேப்பிள் மரமும், இடைப்பகுதியில் மென்மையான பைன் மரமும் இடப்பட்டன. அவற்றின் மேல் முதலில் அரக்குப் பூச்சும், பின்னர் லெக்கர் பூச்சும் பூசப்பட்டன. கனமான பந்துகள் மீண்டும் மீண்டும் விழுந்து மரத்தைத் தேய்க்காதிருக்க முற்பகுதியில் சிறிதளவு எண்ணெய் தடவப்பட்டது. எண்ணெயின் நோக்கம் அன்று மரத்தைப் பாதுகாப்பது மட்டுமே என்பதை மனதிற் கொள்ள வேண்டும். ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கும் சக்தியாக அது மாறியது பிற்காலத்திலேயே ஆகும்.

இக்காலத்தின் மற்றொரு பக்கத்தையும் இங்கு குறிப்பிடாதிருக்க முடியாது. வீழ்ந்த பின்களை நிமிர்த்தி வைப்பதும் பந்தைத் திருப்பி அனுப்புவதும் சிறுவர்களின் வேலையாக இருந்தன. நள்ளிரவு தாண்டியும் அவர்கள் உழைத்ததைப் புகைப்படக் கலைஞர் லூயிஸ் ஹைன் பதிவு செய்தார். சிறுவர் உழைப்புக்கு எதிரான இயக்கத்துக்கு அவரது படங்கள் பெரிதும் உதவின. ஏ.எம்.எப். நிறுவனம் 1946 இல் பவலோ நகரில் காட்சிக்கு வைத்த தானியங்கிப் பின் அடுக்கும் இயந்திரம், 1950 களின் தொடக்கத்தில் கூடங்களுக்கு வந்து சேர்ந்ததும் அச்சிறுவர்களின் காலம் முடிவுக்கு வந்தது. கருவி மாற்றம் எப்போதும் தீங்கானதே என வாதிடுவோர் இதனை மறந்துவிடலாகாது.

அவ்வாறே, பந்தின் சுற்றளவை நுணுக்கமாக அளந்து விதி வகுத்த அதே காங்கிரஸ், வெள்ளை இன ஆண்கள் அல்லாதோருக்குத் தனது கதவை மூடி வைத்திருந்தது. தொழிற்சங்கங்களும் உரிமை அமைப்புகளும் நீதிமன்றம் வரை சென்று போராடிய பின்னரே 1950 இல் இன அடிப்படையிலான அந்த விதி நீக்கப்பட்டது. சமமான தடம் என்பது பலகையின் மட்டத்தை மாத்திரம் குறிப்பதல்ல என்பதற்கு இது சான்றாகும்.

பிளாஸ்டிக் பந்தும் இரசாயனத் தொட்டியும்

1958 இல் ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் எடி எலியாஸ் என்பவரின் முயற்சியால் தொழில்சார் பௌலிங் வீரர் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. தொலைக்காட்சி ஆட்டத்தை வீடுகளுக்குள் கொண்டு சென்றது. 1964 இல் டொன் கார்ட்டர் என்ற வீரர் பந்து தயாரிப்பு நிறுவனம் ஒன்றுடன் பத்து இலட்சம் டொலர் விளம்பர ஒப்பந்தம் செய்துகொண்டார். அத்தகைய தொகைக்கு ஒப்பந்தம் செய்த முதல் விளையாட்டு வீரர் அவரே எனக் கூறப்படுவதிலிருந்து ஆட்டத்தின் அன்றைய செல்வாக்கை ஊகிக்கலாம்.

பணம் புகுந்த இடத்தில் ஆராய்ச்சியும் புகுந்தது. 1960 களில் பொலியெஸ்டர் எனப்படும் பிளாஸ்டிக் பந்துகள் பரவலாயின. அதேவேளை எளிதில் தீப்பற்றக்கூடிய லெக்கர் பூச்சு கைவிடப்பட்டு, கடினமான பொலியூரிதேன் பூச்சு தடங்களுக்கு வந்தது. தடம் கடினமானதும் பந்துக்குப் பிடிமானம் குறைந்தது. முன்பு போல வளைய மறுத்தது. இந்தச் சிக்கலுக்கு வீரர்கள் கண்டுபிடித்த தீர்வு விந்தையானது. டொன் மக்கூன் என்ற வீரர் தமது பிளாஸ்டிக் பந்தை மெதைல் எதைல் கீற்றோன் என்ற கரைப்பானில் ஊறவைத்து அதன் மேற்பரப்பை மென்மையாக்கினார். மென்மையான மேற்பரப்பு தடத்தைப் பற்றிக்கொண்டது. 1973 ஆம் ஆண்டில் அவர் ஆறு பட்டங்களை வென்று ஆண்டின் சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டார்.

அப்போது இதனைத் தடுக்கும் விதி எதுவும் இருக்கவில்லை. ஆகையால் அவர் செய்தது குற்றமன்று. எனினும் விடுதி அறைகளில் தீப்பற்றும் இரசாயனங்களை வாளிகளில் நிரப்பிப் பந்துகளை ஊறவைக்கும் வழக்கம் ஏனைய வீரர்களிடையேயும் பரவியதைத் தொடர்ந்து, 1970 களின் நடுப்பகுதியில் பந்தின் மேற்பரப்புக் கடினத்தன்மைக்குக் கீழ் எல்லை விதிக்கப்பட்டது. கருவியின் நுண்ணிய பண்பொன்றை அளந்து கட்டுப்படுத்தும் காலம் இவ்வாறே ஆரம்பமானது. அன்று முதல் இன்று வரை கண்டுபிடிப்பாளர் முன்னே ஓட, விதி வகுப்போர் பின்னே துரத்துவதே இவ்வாட்டத்தின் வரலாறாக இருந்து வருகின்றது.

கண்ணுக்குத் தெரியாத ஆடுகளம்

கிரிக்கெட்டில் ஆடுகளம் எவ்வாறு உள்ளது என்பதை இரு அணித் தலைவர்களும் நேரில் பார்க்கலாம். புல் உண்டா, வெடிப்பு உண்டா என்பதைத் தொலைக்காட்சி முன் அமர்ந்திருப்பவரும் கூறிவிடலாம். பௌலிங் தடத்தில் பூசப்படும் எண்ணெயோ நிறமற்றது. அதன் தடிப்பு ஓர் அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் அளக்கப்படுகின்றது. எண்ணெயின் ஓர் 'அலகு' என்பது ஒரு சதுர அடிப் பரப்பில் 0.0167 மில்லிலீற்றர் மட்டுமே. இவ்வளவு சிறிய படலமே பந்தின் போக்கை நிர்ணயிக்கின்றது.

எண்ணெய் தடம் முழுவதும் ஒரே சீராகப் பூசப்பட்டால் ஆட்டம் கடினமானது. குறிதவறிய பந்து குறிதவறியே செல்லும். ஆனால் தடத்தின் நடுவில் அதிகமாகவும் ஓரங்களில் மிகக் குறைவாகவும் பூசினால் என்ன நிகழும்? வலப்புறம் தவறிய பந்து உலர்ந்த ஓரத்தில் உராய்வு பெற்று மீண்டும் நடுவை நோக்கி வளைந்து வரும். இடப்புறம் தவறிய பந்து நடுவிலுள்ள எண்ணெயில் வழுக்கி, அதிகம் வளையாமல் தன் பாதையில் நிற்கும். இரு தவறுகளும் ஒரே இலக்கிலேயே முடிவடையும். புனல் ஒன்றில் நீரை எப்பக்கம் ஊற்றினாலும் அது துவாரத்தை அடைவதைப் போன்றதே இது.

வாடிக்கையாளர் அதிக புள்ளிகள் பெற்றால் மகிழ்ச்சியோடு மீண்டும் வருவார் என்பதைக் கூட உரிமையாளர்கள் அறிவர். ஆகவே எண்ணெயைச் சாதகமாகப் பூசும் ஆசை எப்போதும் இருந்து வந்தது. காங்கிரஸும் இதனைத் தடுக்க முயன்றது. உயர்ந்த புள்ளி ஒன்று பெறப்பட்டால் அத்தடம் பரிசோதிக்கப்பட்ட பின்னரே சாதனை அங்கீகரிக்கப்பட்டது.

இந்த நடைமுறையின் மிகக் கசப்பான அறுவடை 1982 ஜூலை முதலாம் திகதி கலிபோர்னியாவின் லா ஹாப்ரா நகரில் கிட்டியது. கிளென் அலிசன் என்ற 52 வயது அனுபவமிக்க வீரர், வாராந்த லீக் போட்டி ஒன்றில் மூன்று ஆட்டங்களிலும் தலா 300 பெற்றார். தொடர்ச்சியாக 36 ஸ்ட்ரைக், மொத்தம் 900 புள்ளிகள். காங்கிரஸின் வரலாற்றில் அதற்கு முன் எவரும் அங்கீகாரம் பெற்றிராத எண்ணிக்கை அது. ஆனால் தடத்தைப் பரிசோதித்த அதிகாரிகள், எண்ணெய் பூசப்பட்டிருந்த விதம் விதிகளுக்கு இணங்கவில்லை எனக் கூறி அச்சாதனையை நிராகரித்தனர். அவரது மேன்முறையீடும் பயனளிக்கவில்லை.

தடத்துக்கு எண்ணெய் பூசியவர் அலிசன் அல்லர். அது எவ்வாறு பூசப்பட்டிருந்தது என்பதைக் கண்ணால் காணவும் அவரால் முடியாது. அதே தடத்தில் அன்றிரவு ஏனையோரும் ஆடினர். அவர்களுள் எவரும் 900 பெறவில்லை. எனினும் தண்டனை அவருக்கே கிடைத்தது. பதினைந்து ஆண்டுகளின் பின், 1997 பெப்ரவரி 2 ஆம் திகதி நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் ஜெரமி சொனென்பெல்ட் என்ற பல்கலைக்கழக மாணவர் பெற்ற 900 புள்ளிகள், அங்கீகரிக்கப்பட்ட முதலாவது சாதனையாகப் பதிவாயின. அதன் பின் முப்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் 900 அங்கீகரிக்கப்பட்டுள்ளது. இந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் பந்துகளுக்கு நேர்ந்ததை அறிந்தால் அலிசனின் ஆதரவாளர்கள் ஏன் இன்றும் ஆதங்கப்படுகின்றனர் என்பது புரியும்.

ரெசின் புரட்சி

1980 களின் தொடக்கத்தில் யூரிதேன் பந்துகள் வெளிவந்தன. பிளாஸ்டிக்கைவிட இவை தடத்தை அதிகம் பற்றின. அதே காலத்தில் மரத் தடங்களுக்குப் பதிலாகச் செயற்கைத் தகடுகள் பொருத்தப்படலாயின. அவை தேய்வதில்லை. மீண்டும் மீண்டும் மெருகிட வேண்டியதும் இல்லை.

உண்மையான புரட்சி 1990 களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. யூரிதேனுடன் சில சேர்மங்களைக் கலந்து உருவாக்கிய 'ரியாக்டிவ் ரெசின்' பந்துகள் சந்தைக்கு வந்தன. இவற்றின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. எண்ணெய் உள்ள இடத்தில் நன்கு வழுக்கி, உலர்ந்த பகுதியை அடைந்ததும் சட்டென வலுவாகத் திரும்புவது இவற்றின் இயல்பு. முன்னர் பல்லாண்டு பயிற்சியின் மூலம் மணிக்கட்டாலும் விரல்களாலும் பெற்ற சாய்வை இப்போது கடையில் வாங்கிய பந்தே பெருமளவு தந்தது. 1978 இல் ஓராண்டில் எட்டுப் பட்டங்களை வென்று வியப்பூட்டிய மார்க் ரொத், தமது அசாதாரணமான சுழற்சிக்காகத் தோலுரிந்த விரல்களோடு ஆடியவர். அவரது தலைமுறைக்கும் பின்வந்த தலைமுறைக்கும் இடையிலான வேறுபாடு இதில் தெளிவாகும்.

மேற்பரப்பைப் போன்றே பந்தின் உள்ளமைப்பும் மாறியது. பந்து வெளியே உருண்டையாயினும் உள்ளே இருக்கும் கனமான கரு உருண்டையாக இருக்க வேண்டியதில்லை. மின்குமிழ் போன்ற வடிவங்களும், சமச்சீரற்ற வடிவங்களும் கணினி உதவியுடன் உருவாக்கப்பட்டன. 2021 இல் கொவிட் நோயினால் காலமான மோ பினெல் இத்துறையின் புகழ்பெற்ற வடிவமைப்பாளர்களுள் ஒருவர். சமச்சீரற்ற கரு பந்தின் சுழல் அச்சைத் தொடர்ந்து நகரச் செய்கின்றது. இதனால் ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் எண்ணெய் படாத புதிய பகுதி தடத்தைத் தொடுகின்றது. உராய்வு மேலும் அதிகரிக்கின்றது. ஆயினும் பந்தின் போக்கை அதிகம் தீர்மானிப்பது கருவைவிட மேற்பரப்பின் சொரசொரப்பே என்பது பின்னர் நடத்தப்பட்ட ஆய்வுகளின் முடிவாகும்.

ரெசின் பந்து தடத்தையும் மாற்றியது. பழைய பந்துகள் எண்ணெயைத் தம்முடன் முன்னோக்கிக் கடத்திச் சென்றன. புதிய பந்துகளோ எண்ணெயை உறிஞ்சிக் கொள்கின்றன. ஒவ்வோர் எறிதலிலும் தடம் சிறிது உலர்ந்து விடுகின்றது. இரண்டாம் ஆட்டத்தில் உள்ள தடம் முதலாம் ஆட்டத்தின் தடமன்று. இதனை ஈடுசெய்யக் கூட உரிமையாளர்கள் எண்ணெயின் அளவை அதிகரித்தனர். எண்ணெய் அதிகரித்ததும் தயாரிப்பாளர்கள் அதனை மேலும் உறிஞ்சும் பந்துகளை விற்றனர். இந்தப் போட்டாபோட்டியில் செலவு முழுவதும் இறுதியில் ஆடுபவரின் தலையிலேயே விழுந்தது. ஒரு காலத்தில் ஒரே பந்தோடு பல ஆண்டுகள் ஆடியவர்கள், ஒவ்வொரு தட நிலைமைக்கும் ஒவ்வொன்றாக ஆறு, எட்டுப் பந்துகளைச் சுமந்து செல்லும் நிலை உருவானது.

புள்ளிகளின் பணவீக்கம்

இம்மாற்றங்களின் விளைவைக் கணக்கு ஒன்றே எடுத்துரைக்கப் போதுமானது. 1968-69 பருவத்தில் காங்கிரஸ் அங்கீகரித்த 300 புள்ளி ஆட்டங்கள் 905. 1998-99 பருவத்தில் அவ்வெண்ணிக்கை 34,470. முப்பது ஆண்டுகளில் 38 மடங்கு அதிகரிப்பு. மனிதரின் கண்ணும் கையும் முப்பது ஆண்டுகளில் 38 மடங்கு கூர்மை அடைந்துவிட்டதாக எவரும் வாதிட மாட்டார்கள். அதுவும் அங்கத்தவர் தொகை சுருங்கிக் கொண்டிருந்த காலத்தில் இது நிகழ்ந்தது என்பது கவனத்திற்குரியது.

நாணயம் அதிகம் அச்சிடப்பட்டால் அதன் பெறுமதி குறைவதைப் போல, 300 என்ற எண்ணும் தன் மதிப்பை இழந்தது. ஒரு காலத்தில் வாழ்நாள் சாதனையாகக் கருதப்பட்ட ஆட்டம் வாரந்தோறும் கேள்விப்படும் செய்தியானது. அதைவிடப் பாரதூரமான விளைவு ஒன்றும் உண்டு. உள்ளூர்க் கூடத்தில் 220 சராசரி பெற்ற ஒருவர், சீராக எண்ணெய் பூசப்பட்ட போட்டித் தடத்துக்குச் சென்றதும் 180 பெறுவதற்கே திணறினார். தமது திறமை எவ்வளவு என்பதை அறியும் அளவுகோலையே அவர் இழந்திருந்தார்.

அமெரிக்காவில் லீக் ஆட்டம் வீழ்ச்சியுற்றமைக்கு இதுவே காரணம் எனச் சிலர் கூறுவர். இது முழு உண்மையன்று. பேராசிரியர் ரொபேர்ட் புட்னம், 1980 க்கும் 1993 க்கும் இடையில் பௌலிங் ஆடுவோர் தொகை 10 வீதம் அதிகரித்த போதிலும் லீக் ஆட்டம் 40 வீதம் வீழ்ச்சியடைந்ததைச் சுட்டிக்காட்டி, அதனைச் சமூகப் பிணைப்புகள் தளர்வதன் அடையாளமாகக் கண்டார். 2000 ஆம் ஆண்டு வெளியான அவரது பிரபலமான நூலின் தலைப்பே 'தனியே பௌலிங்' என்ற பொருள்படுவதாகும். தொழிற்சாலைகள் மூடப்பட்டமை, வேலை நேரங்கள் மாறியமை, குடும்ப வாழ்வின் மாற்றம் எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் அதிக புள்ளிகளைக் கொடுத்தால் அங்கத்தவர்கள் நிலைத்து நிற்பார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்துப் போனது என்பதை மட்டும் உறுதியாகக் கூறலாம்.

விதிகளின் மறுமொழி

நிர்வாகிகள் வாளாவிருந்ததாகக் கூற முடியாது. ஓரப் பலகைகளிலும் குறைந்தபட்சம் மூன்று அலகு எண்ணெய் இருக்க வேண்டும் என்ற விதி முன்னர் கொண்டுவரப்பட்டது. எனினும் நடுவில் எவ்வளவு பூசலாம் என்பதற்கு எல்லை இல்லாததால் புனல் அப்படியே நீடித்தது. 2000 ஆம் ஆண்டளவில் 'ஸ்போர்ட்' என்ற தனி வகை லீக் ஆரம்பிக்கப்பட்டது. சாதாரணக் கூடத்தில் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையிலான எண்ணெய் விகிதம் பத்துக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கு மேலோ இருக்க, இவ்வகையில் அது மூன்றுக்கு ஒன்றை விஞ்சலாகாது. தொழில்சார் சங்கமும் 'சீற்றா', 'வைப்பர்', 'ஸ்கோப்பியன்', 'ஷார்க்' என விலங்குகளின் பெயர் சூட்டிய எண்ணெய்க் கோலங்களை வெளிப்படையாக அறிவித்தது. எண்ணெயின் நீளம் குறைந்தால் ஒரு வகையான ஆட்டம், கூடினால் வேறு வகையான ஆட்டம். மறைந்திருந்த ஆடுகளம் ஓரளவு வெளிச்சத்துக்கு வந்தது. தொலைக்காட்சிப் போட்டிகள் சிலவற்றில் பார்வையாளர் காணும் வகையில் எண்ணெய்க்கு நீலச் சாயம் கலக்கப்பட்டமையும் இதன் தொடர்ச்சியே.

2005 ஜனவரியில் ஆண்கள், பெண்கள், இளையோர் அமைப்புகள் ஒன்றிணைந்து ஐக்கிய அமெரிக்க பௌலிங் காங்கிரஸ் உருவானது. கருக்களின் பண்புகளுக்கான எல்லையை மீறியதாகக் கண்டறியப்பட்ட 'ஜக்கல்' வகைப் பந்துகளின் அங்கீகாரத்தை அது 2016 இல் மீளப்பெற்றது. தொழில்நுட்பத்தின் தாக்கம் பற்றி விரிவான ஆய்வொன்றை 2018 இல் வெளியிட்டு, பந்துகளின் எண்ணெய் உறிஞ்சும் வேகத்துக்கு எல்லை விதிக்கத் தீர்மானித்தது. பந்தின் போக்கை மாற்றுவதற்காகக் கூடுதலாகத் துளைக்கப்பட்ட சமநிலைத் துளைகள் 2020 ஓகஸ்ட் முதலாம் திகதியுடன் ஒழிக்கப்பட்டன. போட்டியின் இடையே பந்தைத் திரவங்களால் துடைப்பதும் தடுக்கப்பட்டு, உலர்ந்த துவாய் மட்டுமே அனுமதிக்கப்பட்டது.

ஆனாலும் துரத்தல் முடியவில்லை. 2022 ஆம் ஆண்டில் சில பந்து வகைகள் நிர்ணயிக்கப்பட்ட கடினத்தன்மையைவிட மென்மையாக இருந்ததாகக் கண்டறியப்பட்டு, தேசியப் போட்டிகளில் அவற்றுக்குத் தடை விதிக்கப்பட்டது. பழைய பாணி யூரிதேன் பந்துகளும் இச்சர்ச்சையில் சிக்கின. 1973 இல் கரைப்பான் தொட்டியில் எழுந்த அதே கேள்வி, அரை நூற்றாண்டின் பின் ஆய்வுகூட அளவுமானியின் முன் மீண்டும் வந்து நின்றது.

அடுத்த மாற்றமும் வாசலில் நிற்கின்றது. பின்களின் தலையில் கயிறு கட்டி மேலே இழுத்து நிறுத்தும் இயந்திரங்கள் செலவு குறைந்தவை. பராமரிக்க எளியவை. ஆனால் கயிறு கட்டிய பின் சுயமாக விழும் பின்னைப் போல் சிதறுவதில்லை. இதனால் ஸ்ட்ரைக் விழும் வீதம் குறைகின்றது. 2023 இல் காங்கிரஸ் இதனை அங்கீகரித்தபோது, அதன் புள்ளிகளைப் பழைய ஆட்டத்தோடு கலக்காமல் தனி வகையாக வைத்தது. அலிசனின் காலத்தில் கைக்கொள்ளப்படாத விவேகம் இது எனலாம்.

நன்மை பெற்றவர்கள்

மாற்றத்தின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. புதிய பந்துகள் உடல் வலிமையின் முக்கியத்துவத்தைக் குறைத்தன. ஒரு காலத்தில் 16 இறாத்தல் பந்தே வீரனுக்கு அழகு எனக் கருதப்பட்டது. இன்று தொழில்சார் வீரர்களே பெரும்பாலும் 15 இறாத்தல் பந்தைப் பயன்படுத்துகின்றனர். 2010 ஜனவரியில் கெலி குலிக் என்ற வீராங்கனை, ஆண்கள் பங்கேற்ற சம்பியன்களின் போட்டியில் வென்று, தொழில்சார் சங்கத்தின் தேசியப் பட்டத்தைப் பெற்ற முதற் பெண்ணானார்.

பின்லாந்தின் ஒஸ்கு பலெர்மா, அவுஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மொன்ட் ஆகியோர் இரு கைகளாலும் பந்தைப் பிடித்து எறியும் முறையை உலகறியச் செய்தனர். சிறு வயதில் கனமான பந்தை ஒரு கையால் தூக்க முடியாததால் இயல்பாகவே பழகிய முறை அது என்பார் பெல்மொன்ட். ஆரம்பத்தில் ஏளனத்துக்கு உள்ளான அவர், முதன்மைப் பட்டங்களை அதிகம் வென்ற வீரராக உயர்ந்தார். அபரிமிதமான சுழற்சியைப் பயன்படுத்திக்கொள்ளும் ஆற்றல் நவீன பந்துக்கும் அதிக எண்ணெய்க்கும் உண்டு என்பதே இம்முறை வெற்றி பெற்றதன் ஒரு காரணம். கருவி சிலரது திறமையின் மதிப்பைக் குறைத்த அதேவேளை, வேறு சிலரது திறமைக்கு வழி திறந்தும் விட்டது.

திறமையே அழிந்துவிட்டது என்ற குற்றச்சாட்டும் மிகையானதே. முற்காலத்தில் நாள் முழுதும் ஒரே கோட்டில், ஒரே வேகத்தில் பிழையின்றி எறிவதே திறமை. 1975 இல் ஒரே பருவத்தில் ஓர் இலட்சம் டொலர் பரிசு பெற்ற முதல் பௌலிங் வீரரான ஏர்ல் அந்தனி அக்கலையின் உச்சம். இன்றோ, காண முடியாத எண்ணெய் எறிதலுக்கு எறிதல் மாறுவதைப் பந்தின் போக்கிலிருந்து ஊகித்து, நிற்கும் இடத்தையும் பந்தையும் உரிய தருணத்தில் மாற்றுவதே திறமை. ஒன்று கையின் திறமை, மற்றது அதனோடு கண்ணின் திறமையும் சேர்ந்தது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க முற்படுவதே தவறு.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒரு விளையாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. கருவிகள் மாறுவதை எவராலும் தடுக்க முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. ஆனால் எண்கள் பொருளுள்ளவையாக இருக்க வேண்டுமாயின், அவை எந்த நிலைமையில் பெறப்பட்டன என்பது அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நிலைமைகளை மறைத்து வைத்துவிட்டு எண்களை மட்டும் உயர்த்திக் காட்டுவது, அது விளையாட்டாயினும் பரீட்சைப் பெறுபேறாயினும் பொருளாதாரப் புள்ளிவிபரமாயினும், தற்காலிக மகிழ்ச்சியையே அளிக்கும். விதி வகுப்போர் தமது கடமையை ஆட்டத்துக்கு முன் செய்ய வேண்டுமேயன்றி, ஆட்டம் முடிந்த பின் வென்றவர் மீது அதனைச் சுமத்தக் கூடாது. லா ஹாப்ராவில் அன்றிரவு எண்ணெய் பூசியவரின் பெயரை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. 36 தடவைகள் பிழையின்றி எறிந்தவரின் பெயரோ அங்கீகாரம் இன்றியே நினைவுகூரப்பட்டு வருகின்றது.